பழைய கார்களில் பம்பர் பொருத்தும் முறைகள்: புதியவர்களுக்கான வழிகாட்டி

பழைய காரைச் சீரமைக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கழற்றுவது பம்பரைத்தான். எல்லா வேலையும் முடிந்த பின் கடைசியில் மாட்டுவதும் அதைத்தான். கழற்றும்போது எளிதாக முடிந்த வேலை மாட்டும்போது நாள் முழுவதும் இழுப்பதற்குக் காரணம், அந்தப் பம்பர் காரின் எந்தப் பாகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது என்பதைத் தொடக்கத்தில் கவனிக்காமல் விடுவதே. சேஸியைப் பிடித்திருக்கும் பம்பரும், உடல் தகட்டைப் பிடித்திருக்கும் பம்பரும், அதிர்ச்சி தாங்கும் உருளைகளின் மேல் நிற்கும் பம்பரும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரியான பளபளக்கும் பட்டைகள்தாம். ஆனால் அவற்றைக் கழற்றும் முறையும், நேர்செய்யும் முறையும், அவற்றுக்கும் உடலுக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியும் வேறு வேறானவை.

ஆகவே, ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் காருக்கு அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்து, உங்கள் கார் எந்த வகையைச் சேர்ந்தது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பம்பர் எதைப் பிடித்திருக்கிறது?

மிகப் பழைய வகை, வில் பட்டைப் பம்பர். 1928 முதல் 1931 வரை வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ இதற்கு நல்ல உதாரணம். அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு எஃகுப் பட்டைகள் உள்ளன. அவை இரு முனைகளிலும் போல்ட்டாலும் நடுவில் கவ்வியாலும் இணைக்கப்பட்டு, சேஸியின் முன் கொம்புகளிலிருந்து நீளும் இரு கைகளில் உட்கார்ந்திருக்கின்றன. இவை வெறும் தகடுகள் அல்ல, வில்லுக்குரிய எஃகில் செய்யப்பட்டவை; இலேசான மோதலில் வளைந்து, பின் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். எனவே இந்தப் பட்டைகளைச் சூடேற்றி நிமிர்த்தக் கூடாது; சூடுபட்ட இடத்தில் எஃகு தன் வில் தன்மையை இழந்துவிடும்.

அடுத்தது, தனிச் சேஸியுள்ள கார்களின் முறை. 1930களிலிருந்து பல பத்தாண்டுகள் வரை வந்த பெரிய அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் கனமான இரும்புப் பிராக்கெட்டுகள் சேஸியின் முனைகளில் போல்ட் செய்யப்பட்டு, பம்பர் அவற்றின் மேல் நிற்கிறது. காரின் உடலோ, அதே சேஸியின் மேல் ரப்பர் மவுண்டுகளில் தனியாக அமர்ந்திருக்கிறது. இதன் பொருள், உடலும் பம்பரும் ஒன்றையொன்று நேரடியாகத் தொடாத இரு தனிப் பொருள்கள் என்பதாகும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உடல் ரப்பரின் மேல் சற்றே அசையும், பம்பர் அசையாது. தொழிற்சாலையில் இரண்டுக்கும் இடையே கணிசமான இடைவெளி விடப்பட்டதற்கு இதுவே காரணம். ‘இடைவெளி அசிங்கமாக இருக்கிறது’ என்று பம்பரை உள்ளே தள்ளி மாட்டுபவர்கள், சில மாதங்களில் மட்கார்டின் ஓரத்தில் பெயிண்ட் உரிந்திருப்பதைக் காண்பார்கள்.

மூன்றாவது, தனிச் சேஸி இல்லாமல் உடலே சட்டமாகவும் இருக்கும் மோனோகாக் கார்கள். இவற்றில் பிராக்கெட்டுகள் உடலோடு வெல்டிங் செய்யப்பட்ட பெட்டி வடிவ நீள் சட்டங்களின் முனையைப் பிடிக்கின்றன. பம்பரும் உடலும் ஒன்றாகவே அசைவதால் இடைவெளியைக் குறைவாக வைக்கலாம். ஆனால் சட்டத்தின் முனை துருப்பிடித்திருந்தால் பம்பரை எவ்வளவு சரிசெய்தாலும் அது தொங்கத்தான் செய்யும். இவ்விரு வகைகளுக்கும் இடைப்பட்ட கார்களும் உண்டு. 1967 முதல் 1969 வரையிலான செவ்ரோலே கமாரோவில் முன்பகுதிக்கு மட்டும் ஒரு துணைச் சட்டம் இருக்கிறது. முன் பம்பர் அந்தத் துணைச் சட்டத்தைப் பிடித்திருக்கிறது, பின் பம்பர் உடலைப் பிடித்திருக்கிறது. துணைச் சட்டம் ரப்பர் மவுண்டுகளின் வழியாக உடலோடு இணைவதால், அது சிறிது திரும்பி உட்கார்ந்துவிட்டால் முன் பம்பரும் அதோடு சேர்ந்து திரும்பும். பின் பம்பரை வைத்துப் பழகிய கையோடு முன் பம்பரையும் நேர்செய்ய முயல்வது அங்கே உதவாது.

நான்காவது வகையில் பம்பர் என்பது ஏறக்குறைய ஓர் அலங்காரப் பட்டைதான். பழைய மினியில் முன், பின் தகடுகளின் கீழ் விளிம்பிலேயே பம்பர் சிறு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டுள்ளது. ஜாகுவார் இ-டைப்பின் முதல் வரிசையில் வரும் மெல்லிய பம்பர்களும் உடலோடு ஒட்டியே நிற்பவை; அவற்றுக்கும் மட்கார்டுக்கும் இடையே ஒரு ரப்பர் ஓரப்பட்டி வரவேண்டும். இத்தகைய பம்பர்கள் மோதலைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல என்பதால், காரைத் தள்ளும்போதுகூட அவற்றில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

ஐந்தாவது வகை, தொடக்கத்தில் சொன்ன அதிர்ச்சி தாங்கும் பம்பர்; அது 1970களுக்கு உரியது. அதற்குக் காரணம் அழகோ பொறியியலோ அல்ல, அரசு இயற்றிய விதி.

இரண்டாம் படி: காரின் ஆண்டையும் அது விற்கப்பட்ட சந்தையையும் உறுதிசெய்தல்

அமெரிக்காவின் கூட்டாட்சி மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தர விதி 215, 1973 மாடல் கார்களிலிருந்து நடைமுறைக்கு வந்தது. முன்பக்கம் மணிக்கு 5 மைல் வேகத்திலும் பின்பக்கம் மணிக்கு 2.5 மைல் வேகத்திலும் தடுப்பில் மோதினால், விளக்குகள், எரிபொருள் அமைப்பு முதலிய பாதுகாப்பு தொடர்பான பாகங்களுக்குச் சேதம் வரக்கூடாது என்று அது கூறியது. அடுத்த ஆண்டு மாடல்களில் பின்பக்கத்துக்கும் 5 மைல் என்றாகி, தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் ஊசல் எடையால் மோதிப் பார்க்கும் சோதனையும் சேர்ந்தது. பின்னர் 1983 மாடலுக்கு இந்த வேகம் 2.5 மைலாகக் குறைக்கப்பட்டது. பிற நாடுகள் பலவற்றில் அப்போது இத்தகைய கட்டாயம் இல்லாததால், ஒரே தொழிற்சாலையில் ஒரே ஆண்டில் செய்யப்பட்ட ஒரே மாடலுக்கு, ஏற்றுமதியாகும் நாட்டைப் பொறுத்து இரு வேறு பம்பர்களும் இரு வேறு பொருத்தும் முறைகளும் இருந்தன. உதிரிப் பாகம் வாங்கும் புதியவர்கள் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

சில உதாரணங்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். 1973 செவ்ரோலே கார்வெட்டின் முன்புறத்தில் உடல் நிறத்திலான மென்மையான யூரித்தேன் உறையும் பின்புறத்தில் பழைய குரோம் பம்பரும் இருந்தன. 1974இல் பின்புறமும் யூரித்தேனாகி, இரு துண்டுகளாக நடுவில் ஒரு பிளவோடு வந்தது. 1975இல் அது ஒரே துண்டானது. அடுத்தடுத்த இந்த மூன்று ஆண்டுகளின் பின்புறப் பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. போர்ஷே 911இல் 1974 மாடலிலிருந்து, மடிப்பு மடிப்பான ரப்பர் உறைகளோடு கூடிய அலுமினியப் பம்பர் வந்தது. அமெரிக்கக் கார்களில் அதன் பின்னால் ஹைட்ராலிக் உருளைகளும், பல பிற சந்தைகளுக்கான கார்களில் மோதினால் நசுங்கிவிடும் குழாய்களும் இருந்தன. வெளியிலிருந்து பார்த்து வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். உறையை விலக்கிப் பின்னால் பார்த்தே தீரவேண்டும்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இந்தக் குழப்பம் இன்னும் முந்தியது. 1967 மாடல் வரை அமெரிக்காவுக்குச் சென்ற கார்களில் பம்பர் பட்டைக்கு மேல் கூடுதலாக ஒரு குழாய்க் கம்பி இருக்கும். ஐரோப்பாவில் விற்றவற்றில் பெரும்பாலும் அந்தக் கம்பி இருக்காது. 1968 மாடலில் உயரமான இடத்தில் பொருத்தப்பட்ட, சதுர வடிவமான ஒற்றைப் பம்பர் வந்தது. பீட்டிலின் பம்பர் பிராக்கெட்டுகள் மட்கார்டில் உள்ள துளை வழியாக வெளியே வருவதால், பம்பரின் உயரம் மாறியபோது மட்கார்டின் துளையும் இடம் மாறியது. அதனால் பழைய பம்பரோடு புதிய மட்கார்டு வாங்குபவர் பிராக்கெட் வெளிவர வழியில்லாமல் நிற்பார். அந்த நிறுவனத்தின் மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1967 செப்டம்பரில் செய்யப்பட்ட கார் உண்மையில் 1968 மாடல். 1974இல் அமெரிக்க பீட்டிலுக்கு மட்டும் அதிர்ச்சி தாங்கும் பிராக்கெட்டுகள் வந்ததால், அதற்குரிய மட்கார்டும் வேறு.

எம்.ஜி.பி. என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1974இன் பிற்பகுதியில் அதன் குரோம் பம்பர்கள் போய்க் கனமான கறுப்பு ரப்பர் பம்பர்கள் வந்தன. மேலே சொன்ன அமெரிக்க உயர விதிக்காகக் காரின் உடலே தரையிலிருந்து சற்று உயர்த்தப்பட்டது. இப்போது பலர் அவற்றை மீண்டும் குரோமுக்கு மாற்ற விரும்புகிறார்கள். அந்த ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது என்றாலும், அது போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலையன்று, தகடு வெட்டி வெல்டிங் செய்யும் வேலை என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். தொழிற்சாலையில் இருந்தபடியே வைத்திருப்பதும் ஒரு மதிப்புதான்.

ஆகவே பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டை நம்பிப் பாகம் வாங்காமல், சேஸி எண்ணைக் கொண்டு உற்பத்தி மாதத்தையும் சந்தையையும் கண்டறிந்து, அந்தக் காலத்துக்குரிய உதிரிப் பாகப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: கழற்றுவதற்கு முன் அளந்து பதிவுசெய்தல்

சமதளத்தில் காரை நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைச் சரியாக வைத்து, பம்பரின் இரு முனைகளுக்கும் தரையிலிருந்து உள்ள உயரத்தை அளக்கவேண்டும். பிறகு அதே முனைகளிலிருந்து உடலில் உள்ள ஏதேனும் ஒரு நிலையான கோட்டுக்கு, உதாரணமாக விளக்கு வளையத்துக்கோ மட்கார்டின் மடிப்புக்கோ, உள்ள தூரத்தையும் அளக்கவேண்டும். இந்த இரண்டு அளவுகளும் சேர்ந்துதான் நோயைக் காட்டிக்கொடுக்கும். பம்பர் தரைக்கு இணையாகவும் உடலுக்குச் சாய்வாகவும் இருந்தால், தனிச் சேஸிக் கார்களில் உடலைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் தேய்ந்து ஒரு பக்கம் அமிழ்ந்திருக்கக்கூடும். பம்பரில் கை வைக்கவே வேண்டியதில்லை. உடலுக்கு இணையாகவும் தரைக்குச் சாய்வாகவும் இருந்தால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். இரண்டுக்குமே இணையாக இல்லாவிட்டால் மட்டுமே பிராக்கெட்டோ, சட்டத்தின் முனையோ, பம்பரோ வளைந்திருப்பதாகக் கொள்ளலாம்.

பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய ஷிம் தகடுகள் செருகப்பட்டிருக்கலாம். அவை குப்பை போலத் தோன்றினாலும், அந்தக் குறிப்பிட்ட காருக்காகத் தொழிற்சாலையில் கணக்காக வைக்கப்பட்டவை. எந்த இடத்தில் எத்தனை இருந்தன என்று எழுதி, இடது வலது என்று குறித்த உறைகளில் தனித்தனியே போட்டுவையுங்கள். பிராக்கெட்டின் நீள்துளையில் போல்ட் எந்த இடத்தில் நின்றது என்பதை அழுக்கின் அடையாளமே காட்டும்; கழுவுவதற்கு முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளவேண்டும்.

நான்காம் படி: கழற்றுதல்

பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பம்பரில் இண்டிகேட்டரோ எண் பலகை விளக்கோ இருக்கிறதா என்று பார்த்து, ஒயர்களை முதலில் பிரித்துவிடுங்கள். பல அமெரிக்கக் கார்களில் முன் இண்டிகேட்டர் பம்பருக்குள்ளேயே இருக்கும். துருப்பிடித்த நட்டுகளுக்கு ஊடுருவும் எண்ணெயை முந்தைய நாளே அடித்து ஊறவிடுவது நல்லது.

பம்பரின் முகப்பில் தெரியும் வட்டத் தலை போல்ட்டுகள் சாதாரண போல்ட்டுகள் அல்ல. தலைக்குக் கீழே சதுரக் கழுத்து இருக்கும். அது பம்பரிலுள்ள சதுரத் துளையில் உட்கார்ந்து, நட்டைத் திருப்பும்போது போல்ட் சுழலாமல் தடுக்கும். துரு அந்தச் சதுரத்தைத் தின்றிருந்தால் போல்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது முகப்பிலிருந்து போல்ட்டைப் பிடிக்க முயன்று குரோமைக் கீறுவதைவிட, பின்னாலிருந்து நட்டை வெட்டி எடுப்பதே மேல். போல்ட் மலிவானது, குரோம் பூச்சு மலிவானதன்று. பழைய எஃகுப் பம்பர்கள் தோற்றத்தைவிட அதிகக் கனமானவை என்பதால், கடைசி நட்டைக் கழற்றும்போது மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் இருக்கவேண்டும்.

பல பிரிட்டிஷ் கார்களில் பம்பரின் மேல் செங்குத்தாக நிற்கும் காப்புத் துண்டான ஓவர்ரைடரும் பிராக்கெட்டும் ஒரே போல்ட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓவர்ரைடரை நீக்கிவிட்டு மாட்ட நினைத்தால் அந்தப் போல்ட்டின் நீளம் பொருந்தாது.

அதிர்ச்சி தாங்கும் உருளைகள் உள்ள கார்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. ஜெனரல் மோட்டார்ஸ் பயன்படுத்திய வகையில் உருளைக்குள் ஹைட்ராலிக் திரவமும் அழுத்தப்பட்ட மந்த வாயுவும் இருக்கின்றன. மோதலில் திரவம் குறுகிய துளை வழியாகப் பிதுங்கி ஆற்றலை உறிஞ்சுகிறது, பின் வாயு பம்பரை வெளியே தள்ளுகிறது. இவற்றை ஒருபோதும் சூடேற்றவோ, வெல்டிங் செய்யவோ, தாமாகத் துளையிடவோ கூடாது. மோதலில் உள்ளே போய் அங்கேயே சிக்கிக்கொண்ட பம்பர் இன்னும் ஆபத்தானது. எதிர்பாராத நேரத்தில் முழு வேகத்தோடு வெளியே பாயக்கூடும். அத்தகைய காரின் முன்னால் நின்று வேலை செய்யாமல், பம்பரைச் சங்கிலியால் கட்டி, அந்தக் காரின் சேவைக் கையேட்டில் சொல்லியுள்ள முறைப்படி அழுத்தத்தை நீக்கியபின், அல்லது அதை அறிந்த ஒருவரைக் கொண்டு நீக்கச்செய்தபின், தொடருங்கள். ஃபோர்டு கார்களில் இதே வேலையைப் பெரும்பாலும் தகடுகளுக்கிடையே ஒட்டப்பட்ட ரப்பர் கட்டைகள் செய்தன. அவற்றில் வாயு அழுத்தம் இல்லை, ஆனால் ரப்பர் தகட்டிலிருந்து பிரிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஹைட்ராலிக் உருளையின் வாயருகே இலேசான எண்ணெய்க் கறை இருப்பது குறையன்று, சொட்டினால் மாற்றிவிடவேண்டியதுதான்.

ஐந்தாம் படி: போல்ட்டுகளைத் தேர்ந்தெடுத்தல்

இழந்த போல்ட்டுக்கு மாற்று வாங்கும்போது நாட்டையும் காலத்தையும் பாருங்கள். ஜெர்மன் கார்கள் மெட்ரிக் அளவில் இருக்கும். அமெரிக்கக் கார்கள் யூ.என்.சி. (பருமரை), யூ.என்.எஃப். (நுண்மரை) என்னும் அங்குல மரைகளில் இருக்கும், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் கார்களில் விட்வொர்த் (பிரிட்டிஷ் பருமரை), பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண்மரை) ஆகியவையும், 1950களிலிருந்து படிப்படியாக யூ.என்.எஃப். மரையும் வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 3/8 அங்குல விட்வொர்த் மரைக்கும் 3/8 அங்குல யூ.என்.சி. மரைக்கும் அங்குலத்துக்கு 16 புரிகள்தாம். ஆனால் முன்னதன் மரைக் கோணம் 55 பாகை, பின்னதன் கோணம் 60 பாகை. ஒன்றின் நட்டு மற்றொன்றின் போல்ட்டில் ஏறிவிடும், இறுகுவது போலவும் தோன்றும், ஆனால் சரியாகப் பிடிக்காது.

பளபளப்புக்காக எல்லா இடத்திலும் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுகளைப் போடும் வழக்கத்தை நான் ஆதரிக்கமாட்டேன். முகப்பில் தெரியும் தலைகளுக்கு அது சரி. பிராக்கெட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் இடத்தில் தயாரிப்பாளர் குறித்த வலிமைத் தரமுள்ள எஃகுப் போல்ட்டையே போடவேண்டும். அலுமினியப் பம்பரில் எஃகு நேரடியாகத் தொடும் இடங்களில் அரிப்பு ஏற்படும் என்பதால், பழைய காப்பு வாஷர்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஆறாம் படி: வெள்ளோட்டப் பொருத்தம்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் அதிகம். பம்பரைக் குரோம் பூச்சுக்கு அனுப்புவதற்கு முன்பும், உடலுக்குக் கடைசி பெயிண்ட் அடிப்பதற்கு முன்பும், எல்லாவற்றையும் ஒருமுறை முழுமையாக மாட்டிப் பார்த்துவிடவேண்டும். சந்தையில் கிடைக்கும் புதிய பம்பர்களின் வளைவு மூலப் பம்பரின் வளைவோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. வளைவை மாற்றவேண்டியிருந்தால் பூச்சுக்கு முன்பே மாற்றவேண்டும். பூச்சுக்குப் பின் வளைத்தால் குரோம் விரிசல் விடும். பூச்சு முடிந்து வரும் பம்பரில் சதுரத் துளைகளின் ஓரத்தில் உலோகம் தடித்து, போல்ட் நுழையாமல் போவதும் உண்டு. அப்போது பின்பக்கமிருந்து மென்மையாக அரம் போட்டுத் துளையைத் திறக்கவேண்டும். சுத்தியலால் போல்ட்டை அடித்து இறக்கினால் முகப்பில் பூச்சு பெயர்ந்துவிடும்.

1968 போன்டியாக் ஜி.டி.ஓ.வில் வந்த எண்டுரா போன்ற, உடல் நிறத்திலான மென் முன்பம்பர்களை நேர்செய்வது இன்னொரு வகை வேலை. அவை மட்கார்டோடும் பானெட்டோடும் ஒரே பரப்பாகத் தெரியவேண்டியவை. ஆகவே முதலில் பானெட்டையும் மட்கார்டையும் சரிசெய்து முடித்துவிட்டு, அதன்பின் பம்பரை அவற்றுக்கு ஏற்ப நகர்த்தவேண்டும்.

ஏழாம் படி: இறுதியாக மாட்டுதல்

மட்கார்டின் ஓரங்களில் தடித்த ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். பிராக்கெட்டுகளைச் சட்டத்திலும், பம்பரைப் பிராக்கெட்டுகளிலும், எல்லா நட்டுகளும் கையால் மட்டும் இறுகிய நிலையில் மாட்டுங்கள். எந்த ஒன்றையும் அப்போதே முழுமையாக இறுக்கக் கூடாது. பெரும்பாலான கார்களில் பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள நீள்துளைகள் ஒரு திசையிலும், பிராக்கெட்டுக்கும் பம்பருக்கும் இடையிலுள்ளவை வேறொரு திசையிலும் நகரவிடும். ஒன்றை இறுக்கிவிட்டால் மற்றொன்றால் செய்யக்கூடிய திருத்தம் பாதியாகிவிடும்.

முதலில் பம்பரின் நடுப்புள்ளியைக் காரின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு உயரத்தையும், கடைசியாக உடலிலிருந்து உள்ள இடைவெளியையும் சரிசெய்யுங்கள். இடைவெளியை இரு பக்கமும் ஒரே அளவுள்ள மரத்துண்டைச் செருகிப் பார்ப்பது, கண்ணால் பார்ப்பதைவிட நம்பத்தக்கது. திருப்தியானதும் சட்டத்திலுள்ள போல்ட்டுகளை முதலிலும், பம்பரின் நடுவிலுள்ளவற்றை அடுத்தும், பக்கவாட்டு முனைகளில் மட்கார்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் இருந்தால் அவற்றைக் கடைசியிலும் இறுக்கவேண்டும். முனையில் உள்ள பிராக்கெட் எட்டாவிட்டால் போல்ட்டால் இழுத்துச் சேர்க்காமல் ஷிம் வையுங்கள். இழுத்துக் கட்டிய முனை மட்கார்டை வளைத்துவிடும்.

அதிர்ச்சி தாங்கும் வகைகளில் பம்பர் சில அங்குலம் உள்ளே போய்வர இடம் வேண்டும். அந்த இடத்தை மூடும் நெகிழ்வான நிரப்புத் தகடுக்குப் பதிலாகக் கெட்டியான தகட்டை வைத்தால், இலேசான மோதலிலேயே உடல் நசுங்கும். பீட்டிலில் மட்கார்டுத் துளையைச் சுற்றி வரும் ரப்பரைப் பிராக்கெட் நுழைவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்; பின்னர் செருகுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

பிராக்கெட்டுகளுக்குப் பவுடர் பூச்சு செய்திருந்தால், போல்ட் உட்காரும் பரப்பில் அந்தப் பூச்சு நாளடைவில் நசுங்கி, இறுக்கம் தளரும். எனவே முதல் சில பயணங்களுக்குப் பின் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மீண்டும் சோதிப்பது அவசியம். 1970கள் வரையிலான பல அமெரிக்கக் கார்களோடு, பம்பரைப் பிடித்தே காரைத் தூக்கும் ஜாக்கி கொடுக்கப்பட்டிருந்தது. பழைய பிராக்கெட்டுகளோடு அந்த ஜாக்கியைப் பயன்படுத்தவேண்டாம். அதை டிக்கியில் காட்சிக்கு வைத்துவிட்டு, சக்கரம் மாற்றுவதற்குத் தரையில் வைக்கும் ஜாக்கியையும் ஸ்டாண்டையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.